கோலத்தை எண்களில் எழுதுவோம்

பொங்கல் விழா அழைப்பிதழ், பிள்ளைகளின் பேட்ஜ், மேடைக்குப் பின்னால் கட்டும் ஃப்ளெக்ஸ் பேனர் என்று சங்கத்து வேலை எதற்கும் படம் தேவைப்படுகிறது. முன்பெல்லாம் படம் வரையத் தெரிந்த ஓர் உறுப்பினரைத் தேடிப் போவோம். இப்போது வீட்டுப் பிள்ளைகள் செல்பேசியில் இரண்டு வரி தட்டி, செயற்கை நுண்ணறிவிடம் ஒரு படம் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சிறிய திரையில் அது அழகாகத்தான் இருக்கிறது. அதையே பத்தடி பேனராக அச்சடித்தால் ஓரங்கள் மங்கிக் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. படத்தில் இருக்கும் கோலத்தை உற்றுப் பார்த்தால் புள்ளிக்கும் கோட்டுக்கும் சம்பந்தமே இருப்பதில்லை.

இந்த இரண்டு குறைகளுக்கும் ஒரே மருந்து உண்டு. இயந்திரத்திடம் படத்தை வரையச் சொல்லாமல், எழுதச் சொல்ல வேண்டும். அது எப்படி என்பதுதான் இந்தப் பாடம். ரயில்வேயில் டிப்ளமா எஞ்சினியராகச் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியை வரைபட அலுவலகத்தில் கழித்தவன் நான். அந்த அனுபவத்தைக் கொண்டே சொல்கிறேன். கணினிப் படிப்பு ஏதும் தேவையில்லை. பள்ளிக்கூடத்துக் கிராஃப் தாள் நினைவிருந்தால் போதும்.

இரண்டு வகைப் படங்கள்

கணினியில் படத்தைச் சேமிக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், படம் முழுவதும் சின்னஞ்சிறு நிறக் கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. செல்பேசியில் எடுக்கும் புகைப்படம் இந்த வகை. பெரிதாக்கினால் கட்டங்கள்தான் பெரிதாகும். புதிய விவரம் எதுவும் வராது.

இரண்டாவது வழியில் நிறக் கட்டங்கள் கிடையாது. "இந்த இடத்தில் தொடங்கி அந்த இடம் வரை ஒரு கோடு, இந்த இடத்தை மையமாக வைத்து இத்தனை ஆரத்தில் ஒரு வட்டம்" என்று அளவுகள் மட்டும் எழுத்தில் இருக்கும். படத்தைத் திறக்கும்போதெல்லாம் கணினி அந்த அளவுகளைப் படித்துப் புதிதாக வரையும். ஆகவே தபால்தலை அளவிலும் வரையலாம், மேடை அகலத்துக்கும் வரையலாம், கோடு மங்காது. இதற்குத் திசையன் படம், அதாவது வெக்டர் படம் என்று பெயர். இவற்றை எழுதும் முறைகளில் மிகவும் பரவலானது எஸ்.வி.ஜி. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2001-ல் இதை ஒரு தரமாக வெளியிட்டது. எந்தக் கணினியிலும் உள்ள இணைய உலாவியே இதைத் திறந்து காட்டும்.

ரயில்வே வரைபடங்களில் ஓர் அடிக்குறிப்பு இருக்கும்: எழுதியிருக்கும் அளவையே பின்பற்றுக, ஸ்கேல் வைத்து அளந்து பார்க்காதே என்று. ஈரத்தில் தாள் சுருங்கும், பிரதி எடுத்தால் நீளும். எழுதிய எண் மாறாது. வெக்டர் படத்தின் சூட்சுமமும் அதுவே.

எழுதும் இயந்திரம்

சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி போன்றவற்றின் உள்ளே இருப்பது மொழி மாதிரி. ஏராளமான எழுத்துகளைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கற்றுக்கொண்ட இயந்திரம் அது. அது படித்தவற்றில் கதை, கட்டுரை மட்டுமல்லாமல் எஸ்.வி.ஜி. எழுத்துகளும் அடங்கும். படமே எழுத்தாக இருப்பதால், கடிதம் எழுதுவதைப் போலவே படத்தையும் அதனால் எழுத முடிகிறது.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. எழுதும்போது அது படத்தைப் பார்ப்பதில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு, "இருபதாவது கட்டத்தில் புள்ளி வை, அங்கிருந்து வலப்பக்கம் கோடு இழு" என்று வாயால் சொல்லிக்கொண்டே போகும் ஆளைப் போன்றது அதன் நிலை. சொல்வது பல சமயம் சரியாக இருப்பதே வியப்புதான். தவறும்போது, நாம் சிரிக்கும்படித் தவறும்.

சைமன் வில்லிசன் என்ற மென்பொருள் வல்லுநர் 2024 முதல் இதை வேடிக்கையான ஒரு சோதனையாகவே வைத்திருக்கிறார். புதிய மொழி மாதிரி ஒன்று வந்ததும், மிதிவண்டி ஓட்டும் கூழைக்கடா ஒன்றை எஸ்.வி.ஜி.யாக எழுதச் சொல்வார். கூழைக்கடாவுக்கு மிதிவண்டி ஓட்ட உடலமைப்பு கிடையாது. மிதிவண்டியின் சட்டமோ கையால் வரைபவர்களுக்கே குழப்பம் தருவது. ஆரம்ப மாதிரிகள் பலவற்றில் சக்கரம் ஓரிடம், சட்டம் ஓரிடம், பறவை ஓரிடம் என்று நின்றன. பின்னால் வந்தவை நன்றாகவே தேறியிருக்கின்றன.

நம் வீட்டுக்குக் கூழைக்கடா வேண்டாம். புள்ளிக் கோலம் போதும். கோலத்தில் சரி, தவறு என்பது அபிப்பிராயம் அன்று. புள்ளி எண்ணிக்கை உண்டு, வரிசை ஒழுங்கு உண்டு, கோடு தொட வேண்டிய புள்ளி எது என்ற விதி உண்டு. இயந்திரத்தைச் சோதிக்க இதைவிட நல்ல பரீட்சைத் தாள் கிடையாது.

கிராஃப் தாளின் விதிகள்

எஸ்.வி.ஜி. படத்தில் முதலில் ஒரு சட்டம் வரையறுக்கப்படும். அகலம் 400, உயரம் 400 என்று வைத்துக்கொள்வோம். இது சென்டிமீட்டரும் அன்று, அங்குலமும் அன்று, வெறும் அலகு. ஒவ்வோர் இடத்தையும் இரண்டு எண்கள் குறிக்கும். முதல் எண் இடமிருந்து வலம், இரண்டாவது எண் மேலிருந்து கீழ். பள்ளிக் கிராஃபில் மேலே போகப் போக எண் கூடும்; இங்கே கீழே போகப் போகக் கூடும். தொடக்கப் புள்ளி இடது மேல் மூலை. இதை மனத்தில் வைக்காவிட்டால் எல்லாம் தலைகீழாகத் தோன்றும்.

புள்ளிக்கு 'சர்க்கிள்' என்ற கட்டளை: மையத்தின் இரண்டு எண்கள், ஆரம் ஒன்று. நேர்கோட்டுக்கு 'லைன்': தொடக்கமும் முடிவும். மூடிய உருவத்துக்கு 'பாலிகன்': மூலைகளை வரிசையாகச் சொன்னால் கடைசி மூலையை முதல் மூலையோடு அதுவே சேர்த்துவிடும். வளைவுக்கு 'பாத்'. இவற்றோடு 'ஸ்ட்ரோக்' என்றால் கோட்டின் நிறம், 'ஃபில்' என்றால் உள்ளே நிரப்பும் நிறம். 'ஃபில்' பற்றி எதுவும் எழுதாமல் விட்டால், மூடிய உருவத்தின் உட்புறம் முழுவதும் கறுப்பாகிவிடும். கோலத்துக்கு "உள்ளே நிறம் வேண்டாம், கோடு மட்டும்" என்று சொல்லிவிடுவது நல்லது.

கேட்கும் முறை

இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அடுத்த வரிசைப் புள்ளி வருவதை ஊடுபுள்ளி அல்லது இடைப்புள்ளி என்பார்கள். "ஊடுபுள்ளி 5, 3 வரை" என்றால் நடு வரிசையில் 5, மேலும் கீழும் 4, அதற்கு அப்பால் 3. ஆக 3, 4, 5, 4, 3. மொத்தம் 19 புள்ளிகள். இதில் ஒரு நட்சத்திரம் போடுவோம்.

சோதனைக்காக முதலில், "ஊடுபுள்ளி 5, 3 வரை, நட்சத்திரக் கோலம், எஸ்.வி.ஜி.யாகக் கொடு" என்று மட்டும் கேட்டுப் பார்த்தேன். 19 புள்ளிகளும் வந்தன, நட்சத்திரமும் வந்தது. என் மனைவி பார்த்த மாத்திரத்தில், "ஏங்க, இது ஒல்லியா நீண்டு போயிருக்கே" என்றாள். எண்களைப் பார்த்தால் காரணம் புரிந்தது. புள்ளிகளுக்கிடையே 40 அலகு. வரிசைகளுக்கிடையேயும் 40 அலகு. ஊடுபுள்ளியில் அப்படி வைக்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்து மூன்று புள்ளிகள் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். சமபக்க முக்கோணத்தின் உயரம் பக்கத்தில் 0.866 மடங்கு. 40-ஐ 0.866-ஆல் பெருக்கினால் 34.64. வரிசை இடைவெளி அதுதான். வாசலில் குனிந்து புள்ளி வைக்கும் பெண்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. அவர்கள் கையே அந்த இடைவெளியை அறிந்து வைத்திருக்கிறது. இயந்திரத்துக்கு அந்தக் கை இல்லை. நாம் எண்ணைச் சொல்லித்தர வேண்டும்.

ஆகவே, ஒரு புதிய டிராஃப்ட்ஸ்மேனுக்கு வேலை சொல்வதுபோலக் கேட்க வேண்டும். தமிழிலேயே கேட்கலாம். நான் கேட்டது இது:

"எஸ்.வி.ஜி. குறியீடாக எழுதிக் கொடு. நிறக்கட்டப் படம் வேண்டாம். சட்டம் 400-க்கு 400. மையம் 200, 200. கிடையாக ஐந்து வரிசைப் புள்ளிகள்: 3, 4, 5, 4, 3. புள்ளி இடைவெளி 40, வரிசை இடைவெளி 34.64. ஒவ்வொரு வரிசையும் மையத்துக்கு இருபுறமும் சமமாக அமைய வேண்டும். புள்ளியின் ஆரம் 3. முதலில் 19 புள்ளிகளின் இடங்களை அட்டவணையாகக் கொடு. நான் சரி என்றபின், அறுகோணத்தின் ஆறு மூலைப் புள்ளிகளில் ஒன்றுவிட்டு ஒன்றைச் சேர்த்து இரண்டு முக்கோணங்கள் வரை. கோட்டின் தடிமன் 3. உள்ளே நிறம் வேண்டாம்."

வேலையை இரண்டாகப் பிரித்திருப்பதைக் கவனியுங்கள். அஸ்திவாரத்தை அளந்து பார்த்த பின்புதான் தூண் எழுப்புகிறோம். அட்டவணை சரியாக இல்லாமல் கோடு போட்டால், எங்கே பிசகியது என்று பின்னால் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

சரிபார்க்கும் முறை

வந்த எழுத்தை நோட்பேடில் ஒட்டி, பெயரின் முடிவில் ஒரு முற்றுப்புள்ளியும் எஸ்விஜி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வருமாறு சேமித்து, உலாவியில் திறக்கலாம். படம் வராமல் எழுத்தே தெரிந்தால், பெரும்பாலும் தொடக்க வரியில் 'எக்ஸ்.எம்.எல்.என்.எஸ்.' என்ற குறிப்பு விடுபட்டிருக்கும். அதைச் சேர்க்கச் சொன்னால் சேர்த்துவிடும்.

இனி ஒரு பென்சிலோடு உட்காருங்கள். பார்க்க வேண்டியவை இவை:

1. நடு வரிசையின் உயரம் 200. அதில் புள்ளிகள் 120, 160, 200, 240, 280 ஆகிய இடங்களில் இருக்க வேண்டும்.

2. நான்கு புள்ளி வரிசைகள் 165.36, 234.64 ஆகிய உயரங்களில். அவற்றில் புள்ளிகள் 140, 180, 220, 260.

3. மூன்று புள்ளி வரிசைகள் 130.72, 269.28 ஆகிய உயரங்களில். புள்ளிகள் 160, 200, 240.

4. இரண்டு முக்கோணங்களின் எல்லாப் பக்கங்களும் ஒரே நீளம், ஏறத்தாழ 138.56. வரிசை இடைவெளியும் 40 ஆகப் போயிருந்தால், நிற்கும் பக்கம் 160, சாய்ந்த பக்கம் 144 என்று வரும். என் மனைவி கண்ணால் கண்ட நீட்சி இதுதான்.

5. ஒவ்வொரு பக்கத்தின் நட்டநடுவிலும் ஒரு புள்ளி இருக்க வேண்டும். ஆறு மூலைகள், ஆறு நடுப்புள்ளிகள், ஆகப் பன்னிரண்டைக் கோடுகள் தொடும். மீதி ஏழில் ஒன்று மையத்தில், ஆறு நட்சத்திரக் கைகளுக்கு நடுவில்.

ஐந்தும் சரியாக இருந்தால் கோலம் சரி. "எல்லாம் சரிபார்த்துவிட்டேன்" என்று இயந்திரமே சொல்வதும் உண்டு. அந்த வார்த்தையைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். சரிபார்க்காமலும் அப்படி எழுதும். இன்றைய மாதிரிகள் பல படத்தைப் பார்த்தும் புரிந்துகொள்ளும். ஆகவே திரையில் தெரிவதைப் படமெடுத்து அதனிடமே காட்டி, "இந்தக் கோடு புள்ளியைத் தொடவில்லை" என்று சொன்னால், பெரும்பாலும் திருத்திக் கொடுக்கும். ஆனால் ஒன்றைத் திருத்தும்போது இன்னொன்றை மாற்றிவிடலாம். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பாருங்கள்.

பெரிய கோலமும் சிக்குக் கோலமும்

ஊடுபுள்ளி 15, 8 வரை என்றால் 169 புள்ளிகள். அத்தனை எண்களையும் கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதினால் எங்காவது ஒன்று பிசகத்தான் செய்யும். அப்போது வேறு வழி. "இடங்களை நீ எழுதாதே, கணக்கிட்டு எழுதும் சிறிய பைத்தான் நிரலை எழுது" என்று கேட்க வேண்டும். கணக்கைக் கணக்கிடும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். மொழி மாதிரி விதியை மட்டும் எழுதும். வீட்டில் பொறியியல் படிக்கும் பிள்ளை இருந்தால் அந்த நிரலை ஓட்டிக் காட்டுவான்.

சிக்குக் கோலம் இன்னும் கடினம். அதில் கோடு வளைந்து வளைந்து புள்ளிகளைச் சுற்றிப் போகும். வளைவை எண்களில் எழுதும் முறை பிரெஞ்சுக் கார் தொழிற்சாலைகளிலிருந்து வந்தது. சிட்ரோயனில் பால் டி காஸ்டெல்ஜோ 1959-லேயே இதற்கு வழி கண்டார். ரெனோவில் பணியாற்றிய பியர் பெசியேயின் பெயரால் அது பரவியது. வளைவின் இரு முனைகளைத் தவிர, அதைத் தம் பக்கம் இழுக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் என்று ஒன்றிரண்டு உண்டு. வளைவு பொதுவாக அவற்றின் மேல் போகாது. அவற்றின் பக்கம் சாயும். வரைபட அலுவலகத்தில் நாங்கள் ஃபிரெஞ்ச் கர்வ் என்னும் வளைவுத் தகட்டை வைத்து இழுத்த கோட்டை, இங்கே நான்கு புள்ளிகள் செய்து முடிக்கின்றன.

சிக்குக் கோலத்தில் மொழி மாதிரி தடுமாறும் இடங்கள் மூன்று: இழை புள்ளியின் மேலேயே ஏறிவிடும், தொடங்கிய இடத்துக்கு வந்து சேராமல் அறுந்து நிற்கும், சில புள்ளிகள் சுற்றப்படாமல் வெளியே நிற்கும். அச்சடித்து, ஒரு விரலை வைத்து இழையைத் தொடர்ந்து போங்கள். ஒரே இழைக் கோலமானால் விரல் எங்கும் எடுபடாமல் எல்லாப் புள்ளிகளையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். இந்தச் சோதனையைக் கோலம் தெரிந்த பாட்டி எஞ்சினியரைவிட வேகமாகச் செய்வார்.

கோலத்தை எழுத்தாக்கும் யோசனை நமக்குப் புதியதும் அன்று. தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோலக் கோலத்துக்கும் விதிகள் எழுதலாம், அவ்விதிகளிலிருந்து கோலத்தை வளர்க்கலாம் என்பது அதன் சாரம். நம் வாசல் கோலம் உலகக் கணினி அறிவியல் ஏடுகளில் இடம்பெற்ற கதை இது. நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்கது.

தமிழ் எழுத்து வேண்டுமானால்

பேனரில் "பொங்கல் வாழ்த்துகள்" என்று எழுத வேண்டும் என்றால், எழுத்தின் வடிவத்தை இயந்திரத்தைக் கொண்டு வளைவுகளாக வரைய வைக்க வேண்டாம். கொம்பும் சுழியும் குலைந்து போகும். 'டெக்ஸ்ட்' என்ற கட்டளையில் தமிழ்ச் சொற்களை எழுத்தாகவே வைக்கச் சொல்லுங்கள். பிறகு இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் திறந்து, நல்ல தமிழ் எழுத்துருவைத் தேர்ந்து, எழுத்தை வடிவமாக மாற்றிச் சேமியுங்கள். இல்லாவிட்டால், நாம் வாழும் ஊரின் அச்சகத்தில் தமிழ் எழுத்துரு இல்லாதபோது, எழுத்து வேறு தோற்றத்திலோ வெறும் கட்டங்களாகவோ வந்து நிற்கும்.

நோட்டுகள் மங்குமுன்

இதையெல்லாம் வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. ஊரிலிருந்து புறப்பட்டு வந்த நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கோல நோட்டு இருக்கும். திருமணமான புதிதில் ரயிலேறியபோது பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தது. எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. நாற்பது பக்க நோட்டு. பென்சில் கோடுகள் பாதி மங்கிவிட்டன. சில பக்கங்களில் புள்ளி மட்டும் தெரிகிறது, இழை தெரியவில்லை. அந்த இழை எப்படிப் போகும் என்று என் மனைவியின் கைக்குத் தெரியும். மகளுக்குப் பாதி தெரியும். அடுக்குமாடி வீட்டில் வளரும் பேத்திக்கு வாசலே கிடையாது.

நோட்டைப் புகைப்படம் எடுத்து வைக்கலாம். மங்கிய கோடு மங்கிய கோடாகவே இருக்கும். எண்களில் எழுதி வைத்தால், இழை எந்தப் புள்ளியைச் சுற்றி எந்தப் புள்ளிக்குப் போகிறது என்பதே பதிவாகிறது. எங்கள் வீட்டில் ஒரு முறை வைத்துக்கொண்டோம். பாட்டி சொல்வாள், பேத்தி அதை எண்ணாக்கி இயந்திரத்துக்குச் சொல்வாள், வந்த படத்தைப் பாட்டி பார்த்துச் சரி அல்லது தவறு என்பாள். இதுவரை பதினொரு கோலங்கள் முடிந்திருக்கின்றன. பேத்திக்குத் தமிழ் எழுத்து இன்னும் தடுமாற்றம்தான். ஆனால் ஊடுபுள்ளி, நேர்ப்புள்ளி, சிக்கு என்ற சொற்கள் நாவில் வந்துவிட்டன. இயந்திரம் தனியாக இதைச் செய்திருந்தால் படம் கிடைத்திருக்கும். அந்தச் சொற்கள் அவளிடம் வந்திருக்காது.

ரயில்வே வரைபடத்தின் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர் கையெழுத்து ஒன்று, சரிபார்த்தவர் கையெழுத்து இன்னொன்று. இரண்டாவது இல்லாமல் வரைபடம் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது. வரைந்தவர் என்ற இடத்தில் இயந்திரத்தின் பெயரைப் போட எனக்கு ஆட்சேபம் இல்லை. சரிபார்த்தவர் என்ற இடத்தில் கோலம் தெரிந்த ஒரு மனிதர் வேண்டும். அவர்கள் நம் வீடுகளில் இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

பயிற்சி

ஊடுபுள்ளி 7, 4 வரை. வரிசைகள் 4, 5, 6, 7, 6, 5, 4. சட்டம், மையம், இடைவெளிகள் முன்போலவே. (அ) மொத்தப் புள்ளிகள் எத்தனை? (ஆ) ஆறு மூலைப் புள்ளிகளின் இடங்கள் யாவை? (இ) ஒன்றுவிட்டு ஒரு மூலையைச் சேர்த்து நட்சத்திரம் போட்டால், கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் ஆறு இடங்களில் என்ன இருக்கும்? முதலில் காகிதத்தில் செய்து பாருங்கள்; பிறகு இயந்திரத்திடம் கேளுங்கள்.

விடை: (அ) 37. (ஆ) மேல் வரிசையில் 140, 96.08 மற்றும் 260, 96.08; நடு வரிசையில் 80, 200 மற்றும் 320, 200; கீழ் வரிசையில் 140, 303.92 மற்றும் 260, 303.92. (இ) வெட்டும் ஆறு இடங்களிலும் ஒவ்வொரு புள்ளி இருக்கும். இல்லையென்றால் கோலத்தைத் திருப்பி அனுப்புங்கள்.